டச்சு மொழியின் நீளச் சொற்கள்: அசை, அழுத்தம், ஒட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெதர்லாந்துக்குப் புதிதாக வரும் தமிழர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் டச்சு சொல்லிக்கொடுக்கிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதிலும் கூட்டுச்சொல் பாடம் வந்துவிட்டால் போதும், போன வருடம் கேட்டதையே இந்த வருடமும் வேறொருவர் கேட்பார். ஒவ்வொரு முறையும் வாய் வலிக்கச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எழுத்துமுறை பற்றி ஒரு வார்த்தை. டச்சில் தொண்டையை உரசிக்கொண்டு வரும் ஒலிக்கு 'ஃக' என்று ஆய்தம் சேர்த்து எழுதியிருக்கிறேன். 'ஹௌஸ்' (வீடு) என்பதில் உள்ள 'ஔ' உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டிய ஒன்று, தமிழ் எழுத்தில் அடங்காது, கேட்டுத்தான் பழக வேண்டும். ஓர் அசைக்கு முன்னால் ' என்ற குறி இருந்தால் அழுத்தம் அங்கே விழுகிறது என்று பொருள்.

ஆபீஸ் கடிதத்துல ஒரு சொல் பாதி வரிக்கு ஓடுது. அதை எங்க பிடிச்சுப் படிக்கிறது?

வாலில் பிடியுங்கள். எல்லோரையும் முதலில் பயமுறுத்தும் சொல்லையே எடுத்துக்கொள்வோம்: ஆர்பைட்ஸொன்ஃகெஸ்ஃகிக்ட்ஹைட்ஸ்ஃபெர்ஸேகெரிங். டச்சில் எழுதினால் 33 எழுத்து, சொன்னால் 10 அசை. கடைசியில் இருப்பது 'ஃபெர்ஸேகெரிங்', அதாவது காப்பீடு. சரி, இது ஏதோ ஒரு காப்பீடு. என்ன காப்பீடு? அதற்கு முன்னால் 'ஒன்ஃகெஸ்ஃகிக்ட்ஹைட்', தகுதி இல்லாமை. எதற்குத் தகுதி இல்லாமை? 'ஆர்பைட்', வேலை. ஆக, உடல்நிலையால் வேலை செய்ய இயலாமல் போகிறவருக்கான காப்பீடு. இதற்கான சட்டம் 1967இல் நடைமுறைக்கு வந்தது. டச்சுக்காரர்களே அதை முழுக்கச் சொல்ல அலுத்துப்போய் 'வே-ஆ-ஓ' என்று மூன்று எழுத்தாக்கிக்கொண்டார்கள்.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. 'தென்னந்தோப்புக் கிணறு' என்றால் அது ஒரு கிணறு, தோப்பு அல்ல, தென்னையும் அல்ல. டச்சும் அப்படியே: கடைசித் துண்டுதான் பொருள், முன்னால் வருபவை எல்லாம் அதற்கு அடைமொழி. பிரெஞ்சுக்காரர் ஒருவர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பழக வேண்டும். நாம் பழக வேண்டியதில்லை.

எந்த அசையை அழுத்தணும்? தமிழ்ல இப்படி எதுவும் இல்லையே?

தமிழில் அழுத்தம் இடம் மாறினாலும் சொல்லின் பொருள் மாறாது. அதனால் நாம் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே எடையில் வைத்துப் பேசிப் பழகியவர்கள். டச்சில் அது எடுபடாது. 'ஃபோர்கோமென்' என்ற வினையை முதல் அசையில் அழுத்தினால் 'நிகழ்தல்', இரண்டாவதில் அழுத்தினால் 'தடுத்தல்'. 'விபத்தைத் தடுத்தோம்' என்று சொல்ல நினைத்து வேறு எதையோ சொல்லிவைப்போம்.

கூட்டுப் பெயர்ச்சொல்லுக்கு விதி எளிது: முதல் துண்டு அழுத்தத்தை வாங்கும். 'ஸீ-கென்-ஹௌஸ் (நோயாளிகள் + வீடு, மருத்துவமனை), 'ஃபீட்ஸ்-பட் (சைக்கிள் + பாதை), 'கூல்-கஸ்ட் (குளிர் + அலமாரி, ஃபிரிட்ஜ்). பொருளுக்கு வாலைப் பார்க்கிறோம், ஒலிக்குத் தலையைப் பார்க்கிறோம். இது ஒன்று பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அப்போ எப்பவும் முதல் அசையை அழுத்தினாப் போதுமா?

போதாது. வகுப்பில் பாதிப் பேர் வழுக்கும் இடம் இதுதான். நான் சொன்னது முதல் துண்டு, முதல் அசை அல்ல. அந்தத் துண்டு தனியாக இருக்கும்போது எந்த அசையில் அழுத்தம் வாங்குமோ, கூட்டுச்சொல்லிலும் அங்கேயே வாங்கும். பல்கலைக்கழகம் 'யூனிஃபெர்ஸி-'டைட்'. அதனால் பல்கலைக்கழக நூலகத்தைச் சொல்லும்போதும் அழுத்தம் அந்த 'டைட்' மேல்தான், அது நாலாவதோ ஐந்தாவதோ அசையாக இருந்தாலும்.

அழகான எடுத்துக்காட்டு நாட்டின் பெரிய திருவிழாவிலேயே இருக்கிறது. அரசி 'கோனிங்-'இன்', அரசர் ''கோனிங்'. 2013 வரை ஏப்ரல் 30 'கோனிங்-'இன்-னெ-டஃக்', அரசி நாள். வில்லெம்-அலெக்ஸாண்டர் அரசரானதும் 2014 முதல் அது ''கோ-னிங்ஸ்-டஃக்', அரசர் நாள் ஆனது, தேதியும் ஏப்ரல் 27 ஆனது. அரியணை மாறியதில் அழுத்தமும் இரண்டு அசை முன்னால் நகர்ந்துவிட்டது. நடுவில் இருந்த ஒட்டும் 'னெ'யிலிருந்து 'ஸ்' ஆகிவிட்டது. அந்த ஒட்டுக்குப் பின்னால் வருகிறேன்.

டெ போடணுமா, ஹெட் போடணுமா?

டச்சுப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'டெ' அல்லது 'ஹெட்' வரும், மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். கூட்டுச்சொல்லுக்கு மட்டும் தனியாக மனப்பாடம் தேவையில்லை, வால் எதுவோ அதன்படி. 'டெ ஃபீட்ஸ்', 'ஹெட் பட்', எனவே 'ஹெட் ஃபீட்ஸ்பட்'. பன்மையும் வாலுக்குத்தான்: 'ஃபீட்ஸ்பாடென்'. (ஒருமையில் குறிலாக இருந்த 'பட்' பன்மையில் நெடிலாக நீள்வதைக் கவனியுங்கள். தனிச்சொல்லாக இருந்தாலும் அது அப்படித்தான் நீளும்.)

விதிவிலக்கு கொஞ்சம் உண்டு. 'டெ ஸ்டிப்' என்றால் புள்ளி, ஆனால் 'ஹெட் டைட்ஸ்டிப்' (நேரம் + புள்ளி, குறிப்பிட்ட வேளை). 'டெ ப்ளிக்' என்றால் பார்வை, ஆனால் 'ஹெட் ஓஃகென்ப்ளிக்' (கண்கள் + பார்வை, கணம்). நம் 'கண்ணிமைப்பொழுது' நினைவுக்கு வந்தால் நல்லது, அதோடு சேர்த்து 'ஹெட்'டையும் நினைவில் வையுங்கள்.

முன்பின் மாத்திச் சொன்னா என்ன ஆகும்? புரிஞ்சுக்க மாட்டாங்களா?

புரிந்துகொள்வார்கள், ஆனால் வேறு பொருளாக. 'கூமெல்க்' பசும்பால், 'மெல்க்கூ' கறவை மாடு. 'பசும்பால்' என்பதைப் 'பால்பசு' என்று மாற்றினால் தமிழிலும் இதே கதைதானே.

நான் வந்த புதிதில் ஒரு குளிர்கால மாலை, சூப் குடிக்க ஆசைப்பட்டு உறைபதனப் பெட்டியிலிருந்து 'சூப்கிப்' என்று எழுதிய பொட்டலத்தை எடுத்து வந்தேன். 'சூப்' தெரியும், 'கிப்' கோழி என்றும் தெரியும். கோழி சூப், சூடு பண்ணிக் குடித்துவிடலாம் என்று நினைத்தேன். பிரித்தால் உள்ளே முழுசாக ஒரு முட்டைக்கோழி, வயதானது, கல் மாதிரி. வாலைப் பார்த்திருக்க வேண்டும்: 'சூப்கிப்' என்பது சூப்புக்கான கோழி. எனக்கு வேண்டியது 'கிப்பென்சூப்'. அந்தக் கோழி வேக மூன்று மணி நேரம் ஆனது. சூப் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

வால் எப்பவும் உண்மையைச் சொல்லுமா?

பெரும்பாலும். 'ஹன்ட்ஸ்ஃகூன்' கை + காலணி. ஆனால் அது கையுறை. காலணி என்று எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் தாராள மனசு வேண்டும். முழுக்க ஏமாற்றும் சொற்களும் உண்டு. 'ப்ளேக்னோஸ்' வெளிறிய + மூக்கு, ஆனால் அது மூக்கே அல்ல, வெளிறிப்போய்ச் சோகையாக இருக்கும் ஆள். நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் அன்மொழித்தொகை: 'பொற்றொடி' என்றால் வளையல் அல்ல, அதை அணிந்தவள். பள்ளியில் படித்த தொகைநிலைப் பாடம் டச்சில் பயன்படும் என்று யார் நினைத்தது.

உறவுப் பெயர்களில் வேறு ஒரு வேடிக்கை. 'ஸ்ஃகோன்' என்றால் இன்று 'சுத்தமான'. 'ஸ்ஃகோன்மூடெர்' சுத்தமான அம்மாவா? இல்லை, மாமியார். பழைய டச்சில் அந்தச் சொல்லுக்கு 'அழகிய' என்ற பொருள் இருந்தது, பிரெஞ்சிலும் மாமியார் 'அழகிய அம்மா'தான். இன்றைய பொருளை வைத்துப் பார்க்கும் மருமகள்களுக்குச் சிரிப்பு வரும்.

"ஏட்காமெர்"னு எழுதறாங்க. "ஏட்டென்"தானே சாப்பிடுறது? மீதி எங்க போச்சு?

வினைச்சொல் கூட்டுச்சொல்லின் முன்னால் வரும்போது விகுதியைக் கழற்றிவிட்டு வேர் மட்டும் வரும். 'ஏட்' + 'காமெர்' (அறை) சாப்பாட்டு அறை. 'லேஸென்' (படித்தல்) என்பதிலிருந்து 'லேஸ்பூக்', வாசிப்புப் புத்தகம். 'வஸ்ஸென்' (துவைத்தல்) என்பதிலிருந்து 'வஸ்மஷீனெ', துணி துவைக்கும் இயந்திரம்.

இதுவும் நமக்குப் புதிது அல்ல. ஊறுகாய், சுடுகாடு, குடிநீர் எல்லாம் வினைத்தொகை. ஊறிய காயா, ஊறும் காயா என்று காலம் காட்டாமல் வேர் மட்டும் நிற்கிறது. டச்சு 'ஏட்'டும் அப்படியே, நேற்றுச் சாப்பிட்டார்களா நாளைக்குச் சாப்பிடுவார்களா என்று அந்த அறைக்குக் கவலை இல்லை.

பிரிச்சு எழுதினா என்ன தப்பு? படிக்க ஈசியா இருக்குமே.

தப்பு மட்டுமல்ல, பொருளே மாறும். 'க்ளைன் கின்ட்' என்று பிரித்தால் சின்னக் குழந்தை. 'க்ளைன்கின்ட்' என்று சேர்த்தால் பேரக்குழந்தை, அவருக்கு நாற்பது வயது ஆகியிருந்தாலும். 'சின்ன அம்மா'வுக்கும் 'சின்னம்மா'வுக்கும் உள்ள வித்தியாசம்தான். பேசும்போது இடைவெளி காதில் விழாது, அழுத்தம் விழும். பிரித்தால் இரண்டு சொல்லும் எடை வாங்கும், கடைசிச் சொல் சற்றுக் கூடுதலாகவே. சேர்த்தால் ''க்ளைன்'தான் ஓங்கும். ''ஸ்னெல்ட்ரைன்' என்பது ரயிலில் ஒரு வகை, விரைவு ரயில். 'ஸ்னெல்லெ ட்ரைன்' என்பது வேகமாகப் போகும் ஏதோ ஒரு ரயில்.

ஆங்கிலத்தைப் பார்த்துப் பிரித்து எழுதும் பழக்கம் டச்சுக்காரர்களிடமும் பரவியிருக்கிறது. இதை அவர்கள் 'ஆங்கில நோய்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். கடைப் பலகைகளில் தாராளமாகப் பார்க்கலாம். தேர்வுத் தாளில் மட்டும் பலகையை நம்ப வேண்டாம்.

நடுவுல திடீர்னு ஒரு "எஸ்", ஒரு "என்" வருதே, அது யாரு?

சூப்பர் மார்க்கெட்டின் இறைச்சிப் பகுதிக்குப் போங்கள். ஒரே தட்டு வரிசையில் எல்லா வகையும் கிடைக்கும். 'கிப்ஃபிலே': கோழிக்கும் துண்டத்துக்கும் நடுவில் எதுவும் இல்லை. பக்கத்தில் 'ருண்டெர்ஃகெஹக்ட்', மாட்டுக் கொத்துக்கறி: நடுவில் 'எர்'. அடுத்தது 'ஃபர்கென்ஸ்ஃப்லேஸ்', பன்றி இறைச்சி: நடுவில் 'ஸ்'. அப்புறம் சீஸ் அலமாரியில் 'ஸ்ஃகாபென்காஸ்', செம்மறி ஆட்டுப் பாலில் செய்த சீஸ்: நடுவில் 'என்'. நான்கு விலங்கு, நான்கு ஒட்டு முறை.

தமிழில் இதற்குப் பெயர் சாரியை. 'புளி'யும் 'காய்'உம் சேர்ந்தால் 'புளியங்காய்', நடுவில் 'அம்'. 'மரம்', 'கிளை' சேர்ந்தால் 'மரத்துக்கிளை', நடுவில் 'அத்து'. ஏன் என்று பாட்டியிடம் கேட்டால் 'அப்படித்தான்' என்பாள். டச்சுப் பாட்டியும் அதையேதான் சொல்வாள். 'ஸ்' முன்பு ஆறாம் வேற்றுமை உருபாக இருந்து தேய்ந்தது, 'எர்' பழைய பன்மையின் மிச்சம். இன்று அவற்றுக்குப் பொருள் இல்லை, மூட்டு எலும்பு மாதிரி நிற்கின்றன. அதனால்தான் சைக்கிள் பாதை 'ஃபீட்ஸ்பட்', ஆனால் சைக்கிள் பழுது பார்ப்பவர் 'ஃபீட்ஸென்மாகெர்'. இதற்கு உறுதியான விதி கேட்டு என்னைத் துளைக்காதீர்கள்.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்: முதல் துண்டு 'ஹைட்' என்ற விகுதியில் முடிந்தால் (நம் 'மை' விகுதி போன்றது) நடுவில் 'ஸ்' வரும். முதல் கேள்வியில் பார்த்த 33 எழுத்துச் சொல்லில் 'ஒன்ஃகெஸ்ஃகிக்ட்ஹைட்'டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் 'ஸ்' அதுதான்.

"ஸ்" காதுல விழுந்தா எழுதணும், சரி. ரெண்டாவது சொல்லே "ஸ்"ல ஆரம்பிச்சா?

ரெண்டாவது துண்டை மாற்றிப் பாருங்கள். ஊர்ச் சதுக்கம் 'டொர்ப்ஸ்ப்ளைன்', அதில் 'ஸ்' தெளிவாகக் கேட்கிறது. எனவே ஊர்த்தெரு, அதாவது 'டொர்ப்' + 'ஸ்ட்ராட்', எழுதும்போதும் இரண்டு 'எஸ்' போட வேண்டும். காதில் ஒன்றுதான் கேட்கும்.

பன்னென்கூக்கா, பன்னெகூக்கா? பக்கத்து வீட்டுப் பாட்டி எழுதினதும் என் புத்தகமும் வேறயா இருக்கு.

இருவர் மேலும் தப்பில்லை, இடையில் சட்டம் மாறிவிட்டது. 'பன்' (வாணலி) + 'கூக்' (கேக்), தோசை மாதிரி மெல்லிசாகச் சுடும் பலகாரம். 1995 வரை நடுவில் 'என்' எழுத்து இல்லாமல் எழுதினார்கள். அந்த ஆண்டு வந்த 'பச்சைப் புத்தகம்' (அதிகாரபூர்வ எழுத்துப் பட்டியல்) விதியை மாற்றியது: முதல் துண்டின் பன்மை 'என்' விகுதியில் மட்டுமே வரும் என்றால் நடுவிலும் அந்த எழுத்து வேண்டும். 'பன்னென்' வாணலிகள், ஆகவே 'பன்னென்கூக்'. 'ஸ்' பன்மையும் சேர்த்து உள்ள சொல்லாக இருந்தால் வேண்டாம்: காய்கறி 'ஃக்ரூன்டெ', பன்மை இரண்டு விதமாகவும் வரும், எனவே 'ஃக்ரூன்டெசூப்'.

விலக்குகளும் கூடவே வந்தன. உலகில் ஒன்றே ஒன்றாக இருப்பதற்கு 'என்' கிடையாது: 'ஸொன்னெஸ்ஃகைன்', சூரிய ஒளி. மேலே பார்த்த அரசி நாளிலும் இதே காரணத்தால்தான் வெறும் 'னெ': நாட்டுக்கு அரசி ஒருத்திதான். விலங்கின் பெயரும் தாவரத்தின் பெயரும் சேர்ந்தால் 'என்' வேண்டாம் என்று இன்னொரு விலக்கு. அதனால் 'குதிரைப்பூ' என்ற மஞ்சள் புல்வெளிப் பூ மட்டும் 'பார்டெப்ளூம்' என்றே இருந்தது. 2005இல் அந்த விலக்கையும் எடுத்துவிட்டு 'பார்டென்ப்ளூம்' ஆக்கினார்கள். பத்து வருடத்தில் இரண்டு மாற்றம். பத்திரிகைகள் சில கடுப்பாகி 2006இல் 'வெள்ளைப் புத்தகம்' என்று தனி வழி ஒன்றைக் கொண்டுவந்தன, அதில் இந்த 'என்' விஷயத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தார்கள். தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பச்சைதான் கணக்கு.

"என்" எழுதினா வாயிலயும் சொல்லணுமா?

வேண்டாம். பொதுப் பேச்சில் 'பன்னெகூக்' என்றே சொல்கிறார்கள், மருத்துவமனையும் 'ஸீகெஹௌஸ்'தான். வடகிழக்குப் பக்கத்து ஆட்கள் அந்த 'ன்'ஐ விடாமல் பிடிப்பார்கள். அதை வைத்தே ஊரைக் கண்டுபிடிக்கலாம். 'என்' எழுத்தை எழுதும்போது மறந்துபோகிறீர்கள் என்றால் உங்கள் காது நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ரெண்டு சொல் சேர்ற இடத்துல ஒலி மாறுற மாதிரி கேட்குதே, பிரமையா?

பிரமை அல்ல, சந்தி. 'பொன் + குடம் = பொற்குடம்' என்பதைப் போல டச்சிலும் சேரும் இடத்தில் ஒலி மாறும். ஒரே வேறுபாடு, நாம் மாற்றத்தை எழுத்திலும் காட்டுகிறோம், அவர்கள் வாயோடு வைத்துக்கொள்கிறார்கள். கைக்குட்டைக்கு 'ஸக்' (சட்டைப் பை) + 'டூக்' (துணி). எழுத்தில் 'க்', ஆனால் சொல்லும்போது அது 'தங்கம்' என்பதில் வரும் 'க' மாதிரி அதிர்கிறது. டச்சில் அந்த ஒலி சொந்தச் சொற்களில் தனியாகக் கிடைக்காது, இப்படி மூட்டில்தான் பிறக்கும். 'ஹௌஸ்' + 'டோர்' (வாசற்கதவு) சேரும்போது 'ஸ்' அதிர்ந்து 'ஜ்' பக்கம் சாய்கிறது.

எதிர்த்திசையிலும் நடக்கும். தூசு உறிஞ்சும் இயந்திரம் 'ஸ்டொஃப்' (தூசு) + 'ஸௌஃகெர்' (உறிஞ்சி). தனியாக அதிர்ந்து வரும் இரண்டாம் சொல்லின் முதல் ஒலி, 'ஃப்'க்குப் பக்கத்தில் வந்ததும் அதிர்வை விட்டு வெறும் 'ஸ்' ஆகிறது. சுருக்கமாக, அடுத்த துண்டு 'ப', 'ட' ஆகியவற்றின் அதிரும் வடிவத்தில் தொடங்கினால் முன்னால் இருப்பது அதிரும். உரசொலியில் தொடங்கினால் அந்த உரசொலிதான் அடங்கும்.

வரி முடிவுல சொல்லை உடைக்கணும்னா எங்க உடைக்கிறது?

முதலில் மூட்டில். துண்டுக்குள் உடைப்பது அதற்குப் பிறகு. 'பொம்' (வெடிகுண்டு) + 'மெல்டிங்' (தகவல்), வெடிகுண்டு இருப்பதாக வரும் புகார். மூட்டைப் பார்க்காமல் 'பொம்மெல்-டிங்' என்று உடைத்தால் 'டிங்' என்றால் 'பொருள்' ஆகையால், பொம்மெல் என்ற ஏதோ ஒன்றின் பொருள் என்று படிக்கத் தோன்றும். கணினிகள் இந்தத் தப்பைச் செய்வதை நாளிதழ்களில் பார்த்துச் சிரிப்பது டச்சுக்காரர்களின் பொழுதுபோக்கு.

சில சொற்களில் மூட்டு எது என்று சொல்லைப் பார்த்து முடிவு செய்யவே முடியாது. 'க்வர்ட்ஸ்லாஃகென்': 'க்வர்ட்' + 'ஸ்லாஃகென்' என்றால் கால் சுற்றுகள், 'க்வர்ட்ஸ்' + 'லாஃகென்' என்றால் படிகக்கல் அடுக்குகள். எழுத்தும் ஒன்று, அழுத்தமும் ஒன்று. திருகாணியைப் பற்றிப் பேசுகிறார்களா, பாறையைப் பற்றியா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நீங்க சொன்ன விதிப்படி "'ஸ்டட்ஹௌஸ்"னு சொன்னேன், கவுண்டர்ல இருந்தவர் திருத்தினார். ஏன்?

அவர் சொன்னது சரி. நகர மன்றக் கட்டடம் 'ஸ்டட்-'ஹௌஸ்', அழுத்தம் கடைசியில். அதே நகரத்தின் அலுவலகம் ''ஸ்டட்ஸ்-கன்டோர்', விதிப்படி முதலில். இப்படி முறைக்கும் சொற்களைப் பட்டியலாக மனதில் வைக்க வேண்டும். காற்றின் திசைகள்: 'ஸௌடென்-'விண்ட்' (தென்றல்), 'வெஸ்டென்-'விண்ட்'. குளிர்காலத்தில் உருளைக்கிழங்கோடு மசிக்கும் கீரை 'பூரென்-'கோல்'. புத்தாண்டு 'நியூ-'யார்'. ஊர்ப் பெயர்களும் பழைய கூட்டுச்சொற்களே: ஆம்ஸ்டெல் ஆற்றின் அணை ஆம்ஸ்டர்-'டம்', ராட்டே ஆற்றின் அணை ராட்டர்-'டம்'.

எனக்கு மிகவும் பிடித்தது தெருப்பெயர்கள். ஆம்ஸ்டர்டாமில் ட்ராமில் போகும்போது கவனியுங்கள்: 'லைட்ஸெ-'ப்ளைன்' (சதுக்கம்) கடைசியில் அழுத்தம், அதற்குப் போகும் ''லைட்ஸெ-ஸ்ட்ராட்' (தெரு) முதலில் அழுத்தம். 'ஹார்லெமெர்-'டைக்' (கரை) ஒன்று, ''ஹார்லெமெர்-ஸ்ட்ராட்' வேறொன்று. 'ஸ்ட்ராட்' என்ற சொல் மட்டும் எப்போதும் தலைகுனிந்து அழுத்தத்தை முன்னால் இருப்பவருக்கு விட்டுக்கொடுக்கும். 'ப்ளைன்', 'டைக்' எல்லாம் அப்படிப் பணியாது.

"ரோடெவைன்ஃக்லஸ்": சிவப்பு கிளாஸா, சிவப்பு வைனா?

சேர்த்து எழுதியிருந்தால் சிவப்பு வைனுக்கான கிளாஸ், நிறம் எதுவாகவும் இருக்கலாம். 'ரோடெ' என்று பிரித்துவிட்டு 'வைன்ஃக்லஸ்' என்று எழுதினால் சிவப்பு நிற வைன் கிளாஸ். காதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், அழுத்தம் 'வைன்' மேல். என்ன, இங்கே முதல் துண்டுதானே அழுத்தம் வாங்க வேண்டும் என்கிறீர்களா? வாங்குகிறது. முதல் துண்டு 'ரோடெ' அல்ல, 'ரோடெ வைன்' என்ற தொடர் முழுவதும். அந்தத் தொடர் தனியாக நின்றால் 'ரோடெ 'வைன்' என்றுதான் அழுத்துவார்கள். மூன்றாவது கேள்வியின் விதி அப்படியே இங்கே வேலை செய்கிறது.

வேறுபடுத்த ஒரு குறுக்குவழி உண்டு. 'ஏன்' (ஒரு) என்ற சொல்லைச் சேருங்கள். 'ஃக்லஸ்' ஹெட்-சொல் ஆகையால் அதற்கான அடைமொழி 'எ' விகுதியை இழக்கும்: 'ஏன் ரோட் வைன்ஃக்லஸ்' என்றால் கிளாஸ் சிவப்பு. 'ஏன் ரோடெவைன்ஃக்லஸ்' என்றால் வைன் சிவப்பு.

இதே அச்சில் வந்ததுதான் 'ஔடெ-'மன்னென்-ஹௌஸ்', முதிய ஆண்களுக்கான இல்லம். பிரித்து எழுதினால் ஆண்களுக்கான பழைய இல்லம் ஆகிவிடும். ஹார்லெமில் ஃபிரான்ஸ் ஹல்ஸ் அருங்காட்சியகம் 1913 முதல் அப்படிப்பட்ட பழைய முதியோர் இல்லக் கட்டடத்தில்தான் இருக்கிறது. அந்த இல்லத்தின் நிர்வாகிகளை ஹல்ஸே ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். 2020இல் 'ஃபன் டாலெ' அகராதி தேர்ந்தெடுத்த ஆண்டின் சொல்லும் இந்த வகைதான்: 'அன்டெர்ஹல்ஃபெ-'மேட்டெர்-சாமென்லேஃபிங்', ஒன்றரை மீட்டர் சமுதாயம். ஆளுக்கு ஆள் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்ற கொரோனா காலத்தின் சொல்.

"'டூஃபல்"னு சொல்லிட்டு, கடைசியில "எஃக்" சேர்த்தா அழுத்தம் ஏன் ஓடுது?

''டூஃபல்' (தற்செயல்) பெயர்ச்சொல், அழுத்தம் முதலில். அதிலிருந்து பிறக்கும் பெயரடை 'டூ-'ஃபல்-லெஃக்' (தற்செயலான), அழுத்தம் ஓர் அசை வலப்பக்கம். ''ஆன்டஃக்ட்' (கவனம்), 'ஆன்-'டஃக்-டெஃக்' (கவனமான). ''நோட்லொட்' (விதி), 'நோட்-'லொட்-டெஃக்' (விபரீதமான). கூட்டுச்சொல்லில் 'எஃக்' விகுதி வந்து ஒட்டினால் அது அழுத்தத்தைத் தனக்குப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக் கதவுல "ஸொன்- என் ஃபேஸ்ட்டாஃகென்"னு இருக்கு. சூரியனுக்கு லீவா?

'ஸொன்' சூரியன்தான், ஆனால் அதன் பின்னால் இருக்கும் சிறுகோட்டைப் பாருங்கள். இரண்டு கூட்டுச்சொல்லுக்கும் வால் பொதுவாக இருந்தால் முதல் வாலை வெட்டிவிட்டு அந்த இடத்தில் கோடு போடுவார்கள். 'ஸொன்டாஃகென்' (ஞாயிற்றுக்கிழமைகள்) மற்றும் 'ஃபேஸ்ட்டாஃகென்' (பண்டிகை நாட்கள்). நாமும் 'இலை, தழைக் கட்டு' என்று கட்டை ஒரே முறைதான் சொல்கிறோம்.

சிறுகோடு வரும் இன்னொரு இடம், இரண்டு உயிர் முட்டிக்கொண்டு தப்பாகப் படிக்க வாய்ப்பு இருந்தால். 'ஔடோ-ஒன்ஃகெலுக்' கார் விபத்து, 'ஸே-ஏன்ட்' கடல் வாத்து. அழுத்தத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

அகராதியில இல்லாத சொல்லை நானே ஒட்டிச் செய்யலாமா?

தாராளமாக. டச்சுக்காரர்கள் தினமும் செய்கிறார்கள். 2018இல் ஆண்டின் சொல்லாக வந்த 'ப்ளொக்-'கேர்-ஃப்ரீஸ்' (மறிக்கும் ஃப்ரீஸ்லாந்துக்காரர்) கூட ஒரு சாலை மறியலை ஒட்டிப் பிறந்ததுதான். வினைவேர் + பெயர், மேலே சொன்ன ஊறுகாய் வகை. எவ்வளவு நீளம் போகலாம் என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஒன்று வைத்திருக்கிறார்கள்: 'கிண்டெர்கர்னஃபல்ஸொப்டொஃக்ட்ஃபோர்பெரைடிங்ஸ்வெர்க்ஸாம்ஹேடென்'. குழந்தைகள் கார்னிவல் ஊர்வலத்துக்கான ஆயத்த வேலைகள். 49 எழுத்து, 15 அசை, முதன்மை அழுத்தம் ஒன்றே ஒன்று, ''கிண்' மேல். மூச்சு பிடித்துச் சொல்லிப் பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள், யாரும் அதை வேலைக்குப் பயன்படுத்துவதில்லை.

தமிழ்ல ஏதாவது டச்சுக் கூட்டுச்சொல் இருக்கா?

இருக்கிறது, நீங்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்லியும் இருப்பீர்கள். டச்சுக்காரர்கள் இலங்கைக் கரையில் 1796 வரை இருந்தார்கள். தமிழகத்தில் நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் அவர்களுக்குக் கோட்டைகள் இருந்தன. அவர்கள் விட்டுப்போனதில் இலங்கைத் தமிழில் 'கந்தோர்' (அலுவலகம்) போன்ற தனிச்சொற்கள் பல. கூட்டுச்சொல் என்றால் 'கக்கூசு'. 'கக்' + 'ஹௌஸ்'. இப்போது வாலைப் பிடித்துப் படியுங்கள்: அது ஒரு வீடு. என்ன வீடு என்பதை முதல் துண்டு சொல்லும், அதை நான் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. இன்றைய டச்சு வீட்டில் விருந்துக்குப் போன இடத்தில் மட்டும் இந்தச் சொல்லைக் கேட்டுவிடாதீர்கள், 'வே-ஸே' என்று கேளுங்கள்.